விவாதத்தில் விளைந்த சட்டம்

நுழையும்முன்

விடுதலை பெறும் ஒரு நாடு, தன்னை ஆளும் முறையைத் தானே வகுத்துக்கொள்கிறது. அம்முறைக்கு எழுத்துவடிவம் தருவது அரசமைப்பு. அதன் பிரிவுகளையும் நாள்களையும் நினைவில் வைத்துக்கொள்வதோடு அதைப் பற்றிய கல்வி நிறைவடைந்துவிடுமா? மக்களின் சார்பில் கூடிய ஓர் அவை எவ்வாறு கேட்டது, மறுத்தது, விட்டுக்கொடுத்தது, முடிவெடுத்தது என்பதையும் இளையோர் கற்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

எண்களும் எண்ணங்களும்

இந்திய அரசமைப்பைப் பற்றித் தேர்வுகளில் கேட்கப்படும் வினாக்களுள் பெரும்பாலானவை எண்களை விடையாகக் கொண்டவை. அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டம் எப்போது நடைபெற்றது? 1946 டிசம்பர் 9. தொடக்கத்தில் உறுப்பினர்கள் எத்தனை பேர்? 389. நாட்டுப் பிரிவினைக்குப் பின்? 299. ஏற்றுக்கொள்ளப்பட்டபோது அரசமைப்பில் இருந்த பிரிவுகள் எத்தனை? 395. அட்டவணைகள்? 8. இவ்விடைகள் அனைத்தும் சரியானவை. மாணவர் அறிந்திருக்க வேண்டியவையும்கூட. ஆயினும், இவற்றை மட்டுமே அறிந்த மாணவர், ஒரு மாளிகையின் செங்கற்களை எண்ணிவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பியவரை ஒத்தவராகிறார்.

சட்டத்தை எழுத ஏன் 2 ஆண்டுகள் 11 மாதங்களுக்கும் மேல் ஆயிற்று என்னும் வினா வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. அவ்வினாவிலிருந்துதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அவை கூடிய காலம் அமைதியான காலமன்று. நாடு இரண்டாகப் பிரிந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடிழந்து எல்லை கடந்தனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுதேச அரசுகளை இந்தியாவோடு இணைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் கொல்லப்பட்டார். உணவுத் தட்டுப்பாடு மக்களை வாட்டியது. இத்தகைய நெருக்கடியில், ஒரு சிலர் அமர்ந்து விரைவாக எழுதி முடித்துவிடலாம் என்று எண்ணுவது எளிது. அவ்வாறு செய்த நாடுகளும் உண்டு. இந்தியாவின் அவையோ பதினொரு அமர்வுகளில் 165 நாள்கள் கூடியது. அவற்றுள் 114 நாள்கள் வரைவினை ஆராய்வதற்கே செலவாயின. 1948 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட வரைவு, அவையில் விவாதத்திற்கு வரும்முன் ஏறத்தாழ எட்டு மாதங்கள் பொதுமக்களின் பார்வையில் இருந்தது.

அவ்வரைவின்மீது 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 2,473 திருத்தங்கள் அவையில் முறைப்படி முன்மொழியப்பட்டன. இவையும் எண்களே. ஆனால், இந்த எண்களை மாணவர் வேறுவிதமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னாலும் ஓர் உறுப்பினர் எழுந்து நின்று, 'இச்சொல் போதாது', 'இச்சொல் மிகுதி', 'இதில் என் மக்கள் விடுபட்டுள்ளனர்' என்று உரைத்திருக்கிறார். ஏற்கப்பட்டவை சில, மறுக்கப்பட்டவை பல. மறுக்கப்பட்டவையும் அவைக்குறிப்பில் இடம்பெற்றன. குடியாட்சியின் முதல் பாடம் இதுவே: தோற்ற கருத்திற்கும் ஏட்டில் இடமுண்டு.

தெரியுமா?

அரசியல் நிர்ணய சபையின் நடவடிக்கைகளை நேரில் காண ஏறத்தாழ 53,000 பார்வையாளர்கள் அனுமதிக்கப்பட்டனர் என்று அவைத்தலைவர் இராசேந்திர பிரசாத் தம் நிறைவுரையில் குறிப்பிட்டார். ஆங்கில மூலப்படியைப் பிரேம் பிகாரி நாராயண் ரெய்சாதா கையால் எழுதினார். அதன் பக்கங்களை நந்தலால் போசும் அவர்தம் மாணவர்களும் ஓவியங்களால் அணிசெய்தனர்.

கடன் வாங்கிய சட்டமா?

பாடநூல்களில் வழக்கமாக இடம்பெறும் பட்டியல் ஒன்றுண்டு. நாடாளுமன்ற முறை பிரித்தானியாவிலிருந்தும், அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலிருந்தும், அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைகள் அயர்லாந்திலிருந்தும் பெறப்பட்டவை என்று அப்பட்டியல் கூறும். அதை மனப்பாடம் செய்த மாணவர், 'அப்படியானால் இந்தியருக்குச் சொந்தமாக எதுவும் தோன்றவில்லையா?' என்று கேட்பது இயல்பு. இக்குறை அக்காலத்திலேயே கூறப்பட்டது. வரைவுக்குழுத் தலைவர் அம்பேத்கர், 1948 நவம்பர் 4 அன்று வரைவினை அறிமுகம் செய்து ஆற்றிய உரையில் அதற்கு விடையளித்தார். கடன் பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு எவரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்பது அவ்விடையின் சாரம்.

எங்கிருந்து எடுத்தனர் என்பதைவிட, எதை எடுத்தனர், எதை விடுத்தனர், ஏன் என்பதே கற்பிக்கத்தக்கது. ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஒருவரின் உயிரையும் உடல்சார் விடுதலையையும் காக்கும் பிரிவில், 'உரிய சட்டநெறி' என்னும் அமெரிக்கத் தொடரைப் பயன்படுத்தவே முதலில் எண்ணப்பட்டது. அரசமைப்பு ஆலோசகர் பெ. ந. ராவ் வெளிநாடுகளுக்குச் சென்று சட்ட அறிஞர்களைக் கண்டு உரையாடினார். அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டர், அத்தொடர் நீதிபதிகளுக்கு அளவுகடந்த அதிகாரத்தைத் தருகிறது என்று அவரிடம் எச்சரித்தார். அதன்பின் வரைவில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்னும் தொடர் இடம்பெற்றது. அவையில் பலர் இம்மாற்றத்தை எதிர்த்தனர். சட்டமன்றத்தை நம்புவதா, நீதிமன்றத்தை நம்புவதா என்னும் அவ்வழக்கில் இருதரப்பிலும் நியாயம் இருப்பதாகக் கண்ட அம்பேத்கர், முடிவை அவையிடமே விட்டார். வரைவில் இருந்த தொடரே நிலைத்தது.

இரண்டு தொடர்களுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் சொல்வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால், 1950இல் சென்னை மாநிலத்தில் விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்த ஏ. கே. கோபாலன் உச்சநீதிமன்றத்தை நாடியபோது, அவரின் விடுதலை அந்தத் தொடரின் பொருளைச் சார்ந்திருந்தது. சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தாலே போதும் என்று நீதிமன்றம் அன்று கருதியது. அந்நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் விளக்கம் 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான் வந்தது. ஒரு தொடரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மனிதரின் விடுதலை அடங்கியிருக்கிறது என்பதை உணரும் மாணவர், மொழியின் பொறுப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்.

கற்பிக்கத்தக்க மூன்று விவாதங்கள்

அரசமைப்பு உருவான கதையை முழுமையாகக் கற்பிக்க எந்த வகுப்பிலும் நேரம் போதாது. தேர்ந்தெடுத்த மூன்று விவாதங்களை ஆழமாகக் கற்பித்தால் போதும்.

முதலாவது, சிற்றூரைப் பற்றியது. 1948 நவம்பர் 4 உரையில் அம்பேத்கர், இந்தியச் சிற்றூரைப் புகழ்ந்து பேசுவோரைக் கடுமையாக மறுத்தார். சாதி வேற்றுமையும் அறியாமையும் குடிகொண்ட இடமாகவே அவர் சிற்றூரைக் கண்டார். தனிமனிதரையே அரசமைப்பின் அலகாகக் கொண்டதை வரவேற்றார். ஒடுக்கப்பட்டோர் சிற்றூரில் பட்ட துன்பத்தை அறிந்தவரின் சொல் அது. காந்திய நெறியில் ஊறிய உறுப்பினர்கள் பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். தன்னாட்சி சிற்றூரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். அவ்வகையில், உத்திரமேரூரில் நடைபெற்ற குடவோலைத் தேர்தலும் அவையில் நினைவூட்டப்பட்டது. இறுதியில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம், ஊராட்சிகளை அமைத்து அவற்றுக்குத் தன்னாட்சிக்குரிய அதிகாரங்களை வழங்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்னும் புதிய பிரிவை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே இன்றைய 40ஆம் பிரிவு.

இவ்விவாதத்தில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று கேட்பது பயனற்றது. 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தத்தை நோக்கினால் இரு கருத்துகளும் இணைந்திருப்பதைக் காணலாம். ஊராட்சிகள் அரசமைப்பின் ஆதரவைப் பெற்றன. அது சந்தானம் தரப்பின் விருப்பம். அவ்வூராட்சிகளில் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. சிற்றூரை அப்படியே நம்பிவிட முடியாது என்னும் அம்பேத்கரின் ஐயத்திற்கு அது விடை. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கற்பிக்கும் ஆசிரியரும் இந்த நேர்மையைக் கைக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தலுக்கு விதிமுறை இருந்தது என்பது பெருமைக்குரியது. அதே கல்வெட்டு, போட்டியிடுவோர் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையவராக இருத்தல் வேண்டும் என்று வரையறுப்பதையும் சேர்த்தே கூற வேண்டும். நிலமற்றவருக்கும் வாக்கும் பதவியும் உண்டு என்று கூறிய 1950ஆம் ஆண்டின் புதுமை அப்போதுதான் விளங்கும்.

இரண்டாவது, முகவுரையைப் பற்றியது. 1949 அக்டோபர் 17 அன்று, முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அவையில் இருந்தோரில் மிகப் பலர் இறைநம்பிக்கை உடையவர்கள். ஆனாலும், அத்திருத்தம் எளிதில் ஏற்கப்படவில்லை. நம்பிக்கையைக் கட்டாயமாக்குவது ஆகாது என்று பட்டம் தாணுப்பிள்ளை வாதிட்டார். எண்ணத்திற்கும் நம்பிக்கைக்கும் வழிபாட்டிற்கும் விடுதலை அளிப்பதாகக் கூறும் முகவுரையே, ஒரு நம்பிக்கையை அனைவர்மீதும் சுமத்தலாமா என்று குன்சுரு வினவினார். கடவுளை வாக்கெடுப்புக்கு உட்படுத்த வேண்டா என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் பின்வாங்கவில்லை. வாக்கெடுப்பில் திருத்தத்திற்கு ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் வாக்களித்தனர். திருத்தம் வீழ்ந்தது. 'இந்திய மக்களாகிய நாம்' என்பதே தொடக்கமாக நிலைபெற்றது.

இந்நிகழ்வை நாத்திகத்தின் வெற்றியாகவோ ஆத்திகத்தின் தோல்வியாகவோ கற்பித்தால் பாடம் கெட்டுவிடும். தனக்கு உயிரினும் மேலான ஒன்றைப் பிறர்மீது சட்டமாகச் சுமத்தாமல் இருப்பதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர்களுள் இறைப்பற்று உடையோரும் இருந்தனர். அவர்கள் காட்டிய பக்குவத்தை உணர்த்துவதே இப்பாடத்தின் நோக்கமாக அமைய வேண்டும்.

மூன்றாவது, மாணவரின் வாழ்க்கையையே தொட்டது. பதினான்கு வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று வரைவு கூறியது. அதைத் தொடக்கக் கல்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். பதினொரு வயதே போதும் என்னும் கருத்து அவையில் எழுந்தது. அதற்கு அம்பேத்கர் அளித்த விடை எளிமையானது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலை முதலிய இடங்களில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று மற்றொரு பிரிவு தடை விதிக்கிறது. வேலைக்குச் செல்லக் கூடாத குழந்தை வேறெங்கே இருக்க வேண்டும்? பள்ளியில்தான். ஆகவே, பதினான்கு என்னும் வயதே நிலைபெற்றது.

அப்பிரிவு பத்து ஆண்டுக் காலவரையறையையும் கொண்டிருந்தது. 1960இல் அது நிறைவேறியிருக்க வேண்டும், நிறைவேறவில்லை. வழிகாட்டி நெறிமுறையாக மட்டுமே இருந்ததால், நீதிமன்றத்தை நாடி அதை நிலைநாட்ட இயலவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்குறுதி உரிமையாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டத்தில் எழுதப்பட்ட நற்சொல் தானாக நடந்துவிடாது. அதைக் கேட்டுப் பெறும் மக்கள் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

இம்மூன்றையும் கற்ற மாணவர், மொழிச்சிக்கல் போன்ற கடினமான விவாதங்களைத் தாமே அணுக முடியும். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழியைப் பற்றி நடந்த விவாதத்தில், எண்களை எவ்வடிவில் எழுதுவது என்பதுகூடக் கடும் பூசலுக்கு உள்ளாயிற்று. தேவநாகரி எழுத்தில் இந்தி, எண்களுக்குப் பன்னாட்டு வடிவம், பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் என்று ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. அவ்வுடன்பாட்டின் காலவரையறை முடிவுற்ற 1965இல் தமிழகம் கொந்தளித்ததை மாணவர் அறிவர். ஓர் உடன்பாடு சிக்கலைத் தீர்க்கவும் கூடும், ஒத்திவைக்கவும் கூடும்.

அவையில் ஒலித்த குரல்கள், ஒலிக்காத குரல்கள்

அரசமைப்பை உருவாக்கியவர்களைப் போற்றுவது கடமை. அவர்களைக் குறைகாணவியலாத முனிவர்களாகச் சித்திரிப்பது கல்வியாகாது. அவ்வவை வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அவையன்று. மாகாணச் சட்டமன்றங்களின் உறுப்பினர்கள் அதைத் தேர்ந்தெடுத்தனர். அச்சட்டமன்றங்களுக்கான வாக்குரிமையோ சொத்து, வரி, கல்வி ஆகிய அளவுகோல்களால் சுருக்கப்பட்டிருந்தது. பெண் உறுப்பினர்கள் 15 பேர் மட்டுமே. முசுலிம் லீக் தொடக்கத்தில் அவையைப் புறக்கணித்தது.

இக்குறைகளைக் கூறும்போதே, அவற்றுக்கிடையே எழுந்த குரல்களையும் கூற வேண்டும். பழங்குடியினரின் சார்பில் பேசிய ஜெய்பால் சிங், குடியாட்சியைப் பழங்குடியினருக்கு எவரும் கற்பிக்க வேண்டா; அவர்களிடமிருந்துதான் மற்றவர் அதைக் கற்க வேண்டும் என்னும் கருத்தை முதல் அமர்விலேயே முன்வைத்தார். சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுள் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். அவ்வவையில் இடம்பெற்ற ஒரே பட்டியல் இனப் பெண் தாட்சாயணி. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று விவாதிக்கப்பட்டபோது, சட்டத்தைச் செயற்படுத்துவதைவிட மக்கள் இனி நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தே அதன் வெற்றி அமையும் என்று அவர் உரைத்தார். அப்பிரிவு நிறைவேறியபோது அவையில் மகிழ்ச்சி முழக்கம் எழுந்தது. முழக்கத்தை மட்டும் கற்பித்துத் தாட்சாயணியின் எச்சரிக்கையை விட்டுவிடும் பாடம் அரைகுறைப் பாடமே.

தங்களைத் தேர்ந்தெடுத்தது குறுகிய வாக்குரிமை என்றாலும், அந்த அவையினர் அதே வாக்குரிமையைத் தொடரவில்லை. 21 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும், கல்வியோ சொத்தோ பாலினமோ பாராமல், வாக்களித்தனர். எழுத்தறிந்தோர் பத்துக்கு இருவருக்கும் குறைவாக இருந்த காலம் அது. தம்மினும் விரிந்த ஓர் அவைக்கு அவர்கள் வழிவிட்டுச் சென்றனர் என்பதே அவர்களுக்குரிய மெய்யான பெருமை.

தெரிந்து தெளிவோம்

வரைவுக்குழுவின் ஏழு உறுப்பினர்களுள் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், மேலும் சிலர் பல்வேறு காரணங்களால் பணியில் முழுமையாக ஈடுபட இயலவில்லை. இதனால் வரைவின் சுமை அம்பேத்கரின் தோள்களில் விழுந்தது என்று 1948 நவம்பர் 5 அன்று அவையில் எடுத்துரைத்தவர் தி. த. கிருஷ்ணமாச்சாரி. அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், ந. கோபாலசாமி ஐயங்கார் ஆகியோரும் அக்குழுவில் பணியாற்றினர்.

எதிர்வாதங்களும் விடைகளும்

கருத்துமோதல்களைக் கற்பித்தால் அரசமைப்பின்மீது மாணவருக்குள்ள மதிப்புக் குறையும் என்று அஞ்சுவோர் உளர். இந்த அச்சம் ஆராயத்தக்கது. காரணம் அறியாமல் வைக்கும் மதிப்பு, முதல் வினாவிலேயே தளர்ந்துவிடும். எதிர்ப்பைத் தாங்கி நின்ற சொல்லின்மீது தோன்றும் மதிப்போ எளிதில் தளராது. காமத்தின் திருத்தம் ஏன் வீழ்ந்தது என்பதை அறிந்த மாணவர், முகவுரையை அறியாத மாணவரைவிட ஆழமாக மதிப்பார்.

ஆசிரியர் தம் அரசியல் சார்பை மாணவர்மீது திணிக்க வழியாகும் என்பது மற்றோர் ஐயம். அது உண்மையான இடர். அதைத் தவிர்க்க உதவுவது அவைக்குறிப்பே. ஆசிரியரின் கருத்தைக் கேட்பதற்கு மாறாக, இருதரப்பு உரைகளையும் மாணவர் படித்துத் தாமே எடைபோடுவர். இரண்டு தரப்பையும் ஒரே நீளத்தில், ஒரே அக்கறையோடு வகுப்பில் வைப்பது ஆசிரியரின் கடமை.

நேரமில்லை என்பது மூன்றாவது வாதம். இதுவே மிக வலிமையானது. தேர்வை முன்னிட்டு ஓடும் வகுப்பறையில் விவாதம் ஆடம்பரமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால், பத்துப் பிரிவுகளை வரிசையாகச் சொல்லித்தரும் நேரத்தில் ஒரு பிரிவு உருவான வரலாற்றைச் சொல்லித்தந்தால், மற்ற ஒன்பதையும் படிக்கும் முறையை மாணவர் கற்றுக்கொள்கிறார். தேர்வு வினாக்களும் இதற்கேற்ப மாற வேண்டும். '40ஆம் பிரிவு எதைப் பற்றியது?' என்னும் வினாவோடு, 'அப்பிரிவை எதிர்த்தும் ஆதரித்தும் ஒவ்வொரு வாதம் தருக' என்னும் வினாவும் இடம்பெறுதல் வேண்டும். வினாத்தாள் மாறாமல் வகுப்பறை மட்டும் மாறாது.

வகுப்பறை ஓர் அவை

நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது. குடியாட்சியும் அத்தகையதே. ஒரு வகுப்பு தன் நூலகப் பயன்பாட்டுக்குரிய விதிகளைத் தானே வகுக்கட்டும். ஐவர் கொண்ட குழு வரைவு எழுதட்டும். மற்றவர்கள் திருத்தங்களை எழுத்தில் அளிக்கட்டும். ஒருவர் அவைத்தலைவராக இருந்து, பேச விரும்பும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பளிக்கட்டும். ஒருவர் குறிப்பெடுக்கட்டும். தோற்ற திருத்தங்களும் அக்குறிப்பில் இடம்பெற வேண்டும். ஒருமுறையாவது ஒவ்வொரு மாணவரும் தமக்கு உடன்பாடில்லாத தரப்புக்காகப் பேச வேண்டும்.

இப்பயிற்சியில் கட்டாயம் வரும் ஒரு தருணத்திற்காக ஆசிரியர் காத்திருக்கலாம். பெரும்பான்மையான மாணவர் ஒன்றுசேர்ந்து, சிலருக்கு நூல் வழங்க வேண்டா என்று முடிவெடுத்தால் என்ன செய்வது? நூலைக் கிழித்தவர், காலம் தாழ்த்தியவர், வேறு பிரிவிலிருந்து வந்தவர் என்று ஏதேனும் ஒரு காரணம் காட்டப்படும். எண்ணிக்கை அவர்கள் பக்கம் இருக்கிறது. அது நியாயமாகுமா? அப்போதுதான் பெரும்பான்மையால் பறிக்கவியலாத சில உரிமைகளை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும் என்னும் தேவையை மாணவர் தாமே கண்டறிவர். அடிப்படை உரிமைகளைப் பற்றிய பத்துப் பக்கப் பாடத்தை அந்த ஒரு வினா மனத்தில் பதித்துவிடும்.

வகுப்பறைக்கு வெளியிலும் பாடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராமசபை கூடுகிறது. வாக்காளர்களே அதன் உறுப்பினர்கள். எனினும், மாணவர் அதைக் கண்டு, யார் பேசினர், யார் பேசவில்லை, பேசியவற்றுள் எவை தீர்மானமாயின என்று குறித்து வரலாம். 'யார் பேசவில்லை' என்னும் வினாவே அவற்றுள் தலையாயது.

முரண்பாட்டுக்குள் ஒரு நாடு

1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் அம்பேத்கர் வெற்றிக்களிப்போடு பேசவில்லை. 1950 ஜனவரி 26 முதல் இந்தியா ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறது. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் சமத்துவம் இருக்கும், சமூக, பொருளாதார வாழ்விலோ ஏற்றத்தாழ்வு நீடிக்கும். அம்முரண்பாட்டை விரைவில் களையாவிடில் அரசியல் குடியாட்சியே தகர்ந்துவிடும் என்று எச்சரித்தார். அரசமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் அதைச் செயற்படுத்துவோர் நல்லவராக இல்லையெனில் அது தீயதாகிவிடும் என்பதும் அவ்வுரையில் அவர் கூறியதே.

அவ்வெச்சரிக்கை உடனே சோதனைக்குள்ளானது. சென்னை மாநிலத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த அரசாணை செல்லாது என்று 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் சமத்துவம் என்பது எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதா, பின்தங்கியோரைக் கைதூக்கி விடுவதா என்னும் கேள்வி எழுந்தது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து, அவ்வாண்டே முதல் திருத்தத்திற்கு வழிவகுத்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) பிரிவு அத்திருத்தத்தால் வந்தது. நடைமுறைக்கு வந்து பதினெட்டு மாதங்கள்கூட நிறைவடையாத சட்டம் திருத்தப்பட்டது. அவையில் தொடங்கிய விவாதம், நீதிமன்றத்திலும் தெருவிலும் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது.

முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். அப்பட்டியலைத் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே தம்மைக் குறிப்பிட்டனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்பதில்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அரசமைப்பு அவர்களுக்கு வாக்கினை அளித்திருந்தது; அதைப் பெறுவதற்குத் தம் பெயரைத் தம் வாயால் சொல்லும் துணிவை அதுவரை எவரும் அவர்களுக்கு அளித்திருக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவர்களுள் பலர் தம் பெயராலேயே பதிவு பெற்றனர்.

வாக்குரிமை வயது இன்று 18. பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர் ஒவ்வொருவரின் பெயரும் ஓரிரு ஆண்டுகளில் அப்பட்டியலில் ஏறவிருக்கிறது. பெயரைச் சொல்வதோடு கருத்தையும் சொல்லவும், பிறர் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும், தோற்றாலும் அவையைவிட்டு வெளியேறாமல் மீண்டும் எழுந்து பேசவும் பயிற்றுவிப்பதே அரசமைப்புக் கல்வி. அப்பயிற்சிக்குரிய இடம் பள்ளி. அதற்குரிய காலம் இதுவே.

கற்பவை கற்றபின்…

1. வகுப்பு மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து, இக்கட்டுரையில் இடம்பெற்ற மூன்று விவாதங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இருதரப்பு வாதங்களையும் அவைபோல் நிகழ்த்திக் காட்டுக.

2. பள்ளி நூலகத்தைப் பயன்படுத்துவதற்குரிய விதிகளின் வரைவை உருவாக்கி, திருத்தங்களை விவாதித்து, ஏற்கப்பட்டவற்றையும் மறுக்கப்பட்டவற்றையும் தனித்தனியே பதிவுசெய்க.

3. 'பெரும்பான்மையோர் விரும்பினாலும் மாற்றக் கூடாத விதிகள் சில உண்டு' – இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.

4. வீட்டிலுள்ள மூத்தோர் முதன்முதலாக வாக்களித்த நிகழ்வைக் கேட்டறிந்து, வகுப்பில் எடுத்துரைக்க.